அப்பாவின் கையெழுத்தும் ஒரு நாய்க்குட்டியின் ஒப்பந்தமும்

அன்புள்ள அம்மா,

எனக்கு 38 வயது. திருமங்கலத்தில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆறாவது படிக்கும் ஒரே மகள் இரண்டு வருடமாக நாய்க்குட்டி கேட்கிறாள். வாங்குவதென்றால் நம்மூர் நாய்தான் என்று ராஜபாளையம் பக்கம் ஒரு அண்ணாச்சி வீட்டுக்குப் போன வாரம் போனோம். மூன்று தலைமுறையாக நாய் வளர்க்கிறவர்கள். பால் வெள்ளையில், ரோஸ் மூக்கோடு ஒரு பொட்டைக் குட்டி. நான் திண்ணையில் உட்கார்ந்ததும் என் பாதத்தின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டது. விலை 18,000. அட்வான்ஸ் 3,000 கொடுத்துவிட்டோம்.

அப்புறம்தான் அண்ணாச்சி ஒரு தாளை நீட்டினார். இரண்டு பக்க ஒப்பந்தம். குட்டியை 60 நாள் முடிந்துதான் தருவார். நாள் முழுக்கக் கட்டிப் போடக்கூடாது. எங்களால் வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது, அவரிடமே திருப்பித் தர வேண்டும். வருடம் ஒருமுறை வந்து பார்ப்பார். வாங்கி மூன்று நாளுக்குள் நோய் வந்தால் வேறு குட்டி தருவார், பணம் தரமாட்டார். ஒன்றரை வயதுக்கு மேல் அவர் சொல்லும் ஆண் நாயோடுதான் கிராஸ் போட வேண்டும், முதல் ஈத்தில் இரண்டு குட்டி அவருக்கு. அதுவரை நாயின் வம்சத்தைப் பதிவு செய்து தரும் கென்னல் கிளப் சான்றிதழ் அவர் பெயரில்தான் இருக்கும். எதை மீறினாலும் 50,000 ரூபாய்.

பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினேன். அதற்கு மேல் கை போகவில்லை. வியர்த்துவிட்டது. "யோசிச்சு சொல்றேன் அண்ணாச்சி" என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா ஒரு உறவினருக்காக வங்கியில் ஜாமீன் கையெழுத்து போட்டார். அவர் கடனைக் கட்டவில்லை. எங்கள் ஒன்றரை ஏக்கர் கிணற்றுத் தோட்டம் போய்விட்டது. வங்கி நோட்டீஸை அப்பா வாசலில் உட்கார்ந்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன்பின் என் பிராக்ரஸ் கார்டில்கூட அவர் கையெழுத்து போட்டதில்லை. "அம்மாட்ட வாங்கிக்கோ" என்பார்.

கணவர், "காசு கொடுத்து வாங்குற நாய்க்கு எதுக்கு பத்திரம்? கையெழுத்தே கேட்காதவன்கிட்ட வாங்குவோம்" என்கிறார். மகளுக்கு அந்தக் குட்டிதான் வேண்டும். 60 நாள் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நான் பயந்தாங்கொள்ளியா, இல்லை என் பயம் நியாயமானதா? கையெழுத்துப் போடலாமா?

- பெயர் வேண்டாம், திருமங்கலம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயந்தாங்கொள்ளி இல்லை. பத்து வயதில் ஒரு கையெழுத்து ஒரு தோட்டத்தையே கொண்டுபோனதைப் பார்த்த பிள்ளைக்குப் பேனா கனக்கத்தான் செய்யும். அன்றைக்கு "யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்து வந்தது எனக்குச் சரியாகவே படுகிறது. படித்துப் பார்க்காமல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் திண்ணையில் உங்கள் முன் இருந்தது அண்ணாச்சியின் தாள். கண்ணுக்குத் தெரிந்ததோ அப்பாவின் தாள். இரண்டும் ஒரே சாதி இல்லை. ஜாமீன் போட்டவருக்குக் கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு வந்துவிடும். வாங்கியவர் கட்டவில்லை என்றால் வங்கி நேரே ஜாமீன்தாரரிடம் வரலாம். அப்பா தன் கையில் இல்லாத ஒன்றுக்கு, இன்னொருவர் நாணயத்துக்கு, கையெழுத்து போட்டார். இந்தத் தாளில் நீங்கள் செய்யப்போவதற்கும் செய்யாமல் இருப்பதற்கும் மட்டும்தான் நீங்கள் பொறுப்பு. யாரோ ஒரு உறவினர் தவறியதற்காக நாளைக்கு உங்கள் வாசலுக்கு நோட்டீஸ் வராது. இந்த வித்தியாசத்தை மனது ஒரே நாளில் ஏற்காது. ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் அந்தத் தாளைக் கையில் எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு மூன்று நாள் படியுங்கள். கை வியர்க்கும், வியர்க்கட்டும். எந்த வரியில் வியர்க்கிறது என்று கவனியுங்கள். எல்லா வரிக்கும் ஒரே மாதிரி வியர்த்தால் அது பழைய பயம். ஒரு குறிப்பிட்ட வரியில் மட்டும் நின்றால், அந்த வரியைப் பேசித்தான் ஆக வேண்டும்.

நான் படித்தபோது எங்கே நின்றேன் என்று சொல்கிறேன். முதலில் நிற்காத இடங்கள். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்கிறவர்கள் நடுவில், 60 நாள் தாயோடு இருக்கட்டும் என்கிறார் இவர். திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தால் என்னிடமே கொடு என்பதும், வருடம் ஒருமுறை வந்து பார்ப்பேன் என்பதும் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர் பேசுகிற பேச்சு. வளர்க்க முடியாத ராஜபாளையம் நாய்கள் நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கதி தன் குட்டிக்கு வரக்கூடாது என்று எழுதி வாங்குகிறவரிடம்தான் நாய் வாங்க வேண்டும். கையெழுத்தே கேட்காத இடத்துக்குப் போகலாம் என்ற உங்கள் கணவரின் யோசனையை அதனால் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

இனி நான் நின்ற இடம். முதல் ஈத்தில் இரண்டு குட்டி. நம் கிராமங்களில் ஆட்டையும் கிடேரியையும் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவார்கள். வளர்க்கிறவர் கையிலிருந்து கொடுப்பது ஒன்றுமில்லை, போடும் குட்டியில் ஆளுக்குப் பங்கு. அண்ணாச்சி அந்தப் பழக்கத்தில் வந்தவராக இருக்கலாம், நல்ல வம்சம் கைவிட்டுப் போகக் கூடாது என்ற அக்கறையும் இருக்கலாம். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஆனால் வாரம் என்றால் விலை இருக்கக் கூடாது, விலை என்றால் வாரம் இருக்கக் கூடாது. 18,000-மும் வாங்கிக்கொண்டு, சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு குட்டியும் கேட்பது சரியில்லை.

பணத்தை விடுங்கள். அந்த ஒரு வரி உங்கள் வீட்டில் என்ன செய்யும் என்று பாருங்கள். சினை ஏறக்குறைய 63 நாள். அப்புறம் பிரசவம், பால் குடிக்கும் குட்டிகள், ராத்திரியெல்லாம் விழிப்பு, மீதிக் குட்டிகளுக்கு நல்ல வீடு தேடும் பாடு. நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். குட்டி போடும் எண்ணம் இல்லாத பெண் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுவது நல்லது. செய்யாத நாய்களுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாவது உண்டு. இந்த வரிக்குக் கையெழுத்து போட்டால் அந்த முடிவு உங்கள் கையில் இருக்காது. நீங்கள் கேட்டது மகளுக்கு ஒரு நாய். ஒரு ஈத்து நீங்கள் கேட்கவில்லை.

மூன்று நாள் கெடுவும் போதாது. பார்வோ என்ற வைரஸ் குட்டிகளை வாரிக்கொண்டு போகிற நோய். தொற்றினால் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அங்கேயே ஒட்டிக்கொண்ட நோய்கூட நான்காம் நாள் உங்கள் வீட்டில்தான் வெளியே தெரியும். இரண்டு வாரம் கேளுங்கள். வாங்கிய மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வைக்கிறேன் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள்.

அந்த 50,000 உங்களை மிரட்டியிருக்கும். நம் ஒப்பந்தச் சட்டத்தில் இப்படி எழுதும் தொகை ஓர் உச்சவரம்புதான். நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்லும். இருந்தாலும், எதை மீறினாலும் என்று பொதுவாக எழுதாமல், வேறு ஆளுக்கு விற்றால் மட்டும் என்று குறிக்கச் சொல்லுங்கள். நான் வக்கீல் இல்லை. தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக, இப்போது இருக்கிறபடி போடாதீர்கள். மாற்றிக் கொடுத்தால் தாராளமாகப் போடுங்கள். அண்ணாச்சிக்குப் போன் செய்து, "உங்க குட்டியைக் கண்ணு மாதிரி பார்த்துக்குவோம். வருஷத்துக்கு நாலு தடவை வந்து பாருங்க. ஆனா குட்டி போட வைக்க எங்களால ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளலாம். இல்லை, வம்சத்துக்காக வைத்திருக்கும் குட்டி இது என்று மறுக்கலாம். மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள், அல்லது அடுத்த ஈத்துக்குச் சொல்லி வையுங்கள். மகளிடம் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். ஆறாவது படிக்கும் பெண்ணுக்குப் புரியும். இப்போது அவளுக்குத் தெரிந்தது அம்மா பயந்து எழுந்து வந்துவிட்டாள் என்பது மட்டும்தானே.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அந்த பிராக்ரஸ் கார்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், போன் பண்ணுவதற்கு முன் இந்தத் தாளை அவரிடம் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். "படிச்சுப் பார்த்துச் சொல்லுங்கப்பா, எங்கே மாத்தணும்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு தாளில் எந்த வரி ஆளைச் சாய்க்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் யாரும் இல்லை. இத்தனை வருடமாக அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

குட்டியை எடுக்கப் போகும் நாளில் மகளையும் கூட்டிப் போங்கள். முழு வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது. மற்ற குட்டிகளிலிருந்து தனியாக விட்டு, அது பார்க்காதபடி பின்னால் நின்று கை தட்டச் சொல்லுங்கள். தலையைத் திருப்பிப் பார்க்கிறதா என்று உங்கள் மகள் பார்த்துச் சொல்லட்டும். அது முடிந்த பிறகு பேனாவை எடுத்தால் போதும்.