லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்குமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் 2011-ல் இரண்டு அறை பிளாட் ஒன்று வாங்கினோம். போன மாதம் மோர்ட்கேஜ் மாற்றப் போனபோதுதான் லீஸில் 81 ஆண்டு சொச்சம்தான் மிச்சம் என்று தெரிந்தது. புதுச் சட்டம் வருகிறது, செலவு குறையும், பொறு என்கிறார் என் மைத்துனர். பொறுக்கலாமா?
- வாசகி, கிழக்கு லண்டன்

பதில்: பொறுக்காதீர்கள். உங்கள் மைத்துனர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. யாழ்ப்பாணத்தில் ஒற்றி என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். இங்கிலாந்து, வேல்ஸ் லீஸ் வேறு. இத்தனை ஆண்டு அனுபவிக்கும் உரிமையை முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், அந்த ஆண்டுகள் தீர்ந்தால் வீடு நிலத்துக்காரரான ஃப்ரீஹோல்டருக்கே போய்விடும். அதனால் ஆண்டு குறையக் குறைய உங்கள் வீட்டின் மதிப்பும் கரைகிறது.

1993-ம் ஆண்டுச் சட்டப்படி பிளாட் வைத்திருப்பவர் ஃப்ரீஹோல்டரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் காலத்தோடு இன்னும் 90 ஆண்டு சேர்த்துத் தரச்சொல்லும் உரிமை இருக்கிறது, கிரவுண்ட் ரென்ட்டும், அதாவது நிலத்துக்காக ஃப்ரீஹோல்டருக்கு ஆண்டுதோறும் கட்டும் வாடகையும், அத்தோடு பூஜ்யமாகிவிடும். சட்டத்தில் அதன் பெயர் 'ஒரு மிளகு வாடகை'. பெயரில்தான் மிளகு, நிஜத்தில் யாரும் கேட்டு வருவதில்லை. உங்கள் 81, 171 ஆகும். இதற்காக ஃப்ரீஹோல்டருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும், சிக்கல் அங்கேதான்.

80 ஆண்டுக்கு மேல் மிச்சமிருந்தால் அவருக்கு இரண்டு நஷ்டத்தை மட்டும் ஈடு செய்தால் போதும்: போகப்போகிற கிரவுண்ட் ரென்ட், அப்புறம் வீடு அவர் கைக்கு 90 ஆண்டு தள்ளி வருவது. 80-ஐத் தொட்டுவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' என்று மூன்றாவது ஒன்று சேர்ந்துகொள்ளும். லீஸ் நீண்டதால் வீட்டு மதிப்பில் கூடுகிற லாபத்தில் அவருக்குப் பாதி! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீண்ட லீஸோடு 3,00,000 பவுண்ட் பெறும் பிளாட், கிரவுண்ட் ரென்ட் ஆண்டுக்கு 100 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால், 81 ஆண்டில் அந்தத் தொகை ஏழாயிரத்துச் சொச்சம் வரும். அதே பிளாட் 79-க்கு இறங்கி, குறைந்த லீஸோடு அதன் விலை 2,85,000 என்று மதிப்பிட்டால், பதினோராயிரத்தைத் தாண்டும். இரண்டு வருடத் தாமதத்துக்கு இது. இவை உதாரண எண்கள்தான், உங்களுடையதை வீட்டு மதிப்பைக் கணக்கிடும் சர்வேயர் ஒருவர்தான் போட்டுத் தர வேண்டும்.

சரி, புதுச் சட்டம். 2024-ல் நிறைவேறிய சட்டத்தில் மேரேஜ் வேல்யூவை நீக்குவதும், 90-க்குப் பதில் 990 ஆண்டு தருவதும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எழுதியதும் நடைமுறைக்கு வருவதும் ஒன்றல்ல. இதை எழுதும் வரை அந்த இரண்டும் அமலாகவில்லை. நீட்டிப்புக் கேட்க வீடு வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் 2025 ஜனவரி 31 முதல் எடுத்துவிட்டார்கள். லீஸ் ஏற்கெனவே 60, 65-க்கு வந்துவிட்டவர், விற்கும் எண்ணமோ மோர்ட்கேஜ் மாற்றும் அவசரமோ இல்லாதவர், காத்திருந்து பார்க்கலாம். உங்களுக்கு அது சூதாட்டம். லீஸை நீட்டித் தரச்சொல்லி ஃப்ரீஹோல்டருக்கு இப்போது சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால் அந்தத் தேதியிலேயே கணக்கு நின்றுவிடும், பேரம் எத்தனை மாதம் இழுத்தாலும் சரி.

நோட்டீஸுக்குப் பதில் தர ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். நீங்கள் நோட்டீஸில் சொன்ன தொகையில் பத்து சதவீதத்தை அவர் முன்பணமாகக் கேட்கலாம். தொகை ஒத்துவரவில்லை என்றால் அவருடைய பதில் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போயாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் நோட்டீஸே செல்லாமல் போய், ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும், அதற்குள் உங்கள் 81, 80-க்குக் கீழே போயிருக்கும். அதனால் விசா விண்ணப்பம் போட்டுத் தந்த அதே சொலிசிட்டரிடம் போகாமல், லீஸ் நீட்டிப்பையே தொழிலாகச் செய்பவராகப் பாருங்கள். உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் செலவோடு ஃப்ரீஹோல்டர் தரப்பின் நியாயமான செலவும் உங்கள் தலையில்தான். எரிச்சலாகத்தான் இருக்கும், இப்போதைய சட்டம் அப்படி.

கேள்வி: ஹாரோவில் பிளாட்டை விற்கிறேன். லீஸ் 68 ஆண்டு. வாங்க வந்தவரின் வங்கி கடன் தர மறுக்கிறது. நான் நீட்டித்துவிட்டுத்தான் விற்க வேண்டுமா?

பதில்: முழுக்க முடிக்க வேண்டியதில்லை. நீங்கள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அதன் உரிமையை விற்பனையோடு சேர்த்தே வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கலாம். சேர்த்தே என்பதைக் கவனியுங்கள், வீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு நோட்டீஸைப் பிறகு பார்க்கலாம் என்றால் அது செத்துவிடும். ஆனால் வங்கி 68-க்குக் கடனே தராது என்று பிடிவாதமாக இருந்தால், நீட்டிப்பும் விற்பனையும் ஒரே நாளில் முடிகிற மாதிரி இரண்டு சொலிசிட்டர்களும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். விலையைக் குறைத்து யாரிடமாவது தள்ளிவிடுவது கடைசி வழி.

கேள்வி: நோட்டீஸ் எதுவும் வேண்டாம், 8,000 பவுண்ட் கொடுத்தால் லீஸை 125 ஆண்டாக்கித் தருகிறேன், வக்கீல் செலவும் குறையும் என்று ஃப்ரீஹோல்டரே கடிதம் போட்டிருக்கிறார். இப்போது 72 ஆண்டு இருக்கிறது. கிரவுண்ட் ரென்ட் 250 பவுண்ட், அது அப்படியே தொடருமாம். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: கடிதத்தை மறுபடி வாசியுங்கள். 125 ஆக்குகிறார் என்றால் உங்களுக்குக் கூடுவது 53 ஆண்டு. சட்டப்படி போனால் 90 கூடி 162 ஆகும். 2022-ல் வந்த கிரவுண்ட் ரென்ட் சட்டத்தால் புதிதாகச் சேரும் ஆண்டுகளுக்கு அவர் வாடகை வாங்க முடியாது, ஆனால் இருக்கும் 72 ஆண்டுக்கு வாங்கலாம். 72-ஐ 250-ஆல் பெருக்கினால் 18,000 பவுண்ட். 8,000 மலிவாகத் தெரிவது இதனால்தான். கையெழுத்துப் போடாமல், சட்டப்படி எவ்வளவு வரும் என்று ஒரு சர்வேயரிடம் கணக்குக் கேளுங்கள். லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் என்ற அரசு ஆதரவு அமைப்பின் இணையதளத்தில் இலவசக் கணக்கிடும் வசதியும் இருக்கிறது, தோராயமாகத் தெரிந்துகொள்ள அது போதும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரீஹோல்டரோடு பேசுங்கள், கிரவுண்ட் ரென்ட்டை எடுத்துவிட்டு 90 ஆண்டும் தருகிறேன் என்று அவரே இறங்கி வந்தால் நோட்டீஸ் இல்லாமலும் முடித்துக்கொள்ளலாம்.