காது கேளாத பிள்ளைக்கு ஓயாத கோபம்: மனநல மருத்துவரிடம் எப்போது, எப்படிக் காட்டுவது?

7 வயதுப் பையன், இரண்டு காதிலும் ஹியரிங் எய்டு, பள்ளி விட்டு வந்ததும் கையில் கிடைத்ததை எறிகிறான், தம்பியை அடிக்கிறான். மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டலாம். ஆனால் இப்படிப்பட்ட கோபத்தில் பெரும்பங்கு, சுற்றி என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபடாததால் வருவது. அதை அப்படியே விட்டுவிட்டு மருந்து, கவுன்சலிங் என்று போனால் பலன் நிற்காது.

முதலில் மெஷினை, அதாவது ஹியரிங் எய்டைப் பாருங்கள். பேட்டரி இறங்கியிருக்கலாம். காது வளர்ந்து மோல்டு (காதின் அளவுக்கு வார்த்து உள்ளே பொருத்தும் பகுதி) தளர்ந்து கீச்சென்று கத்தலாம். குழாயில் ஈரம், காதில் அழுக்கு, சளி பிடித்தபின் நடுச்செவியில் நீர், எதுவும் இருக்கலாம். மெஷின் வழியாகச் சரியாகக் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள லிங் ஆறு ஒலிச் சோதனை போதும். உங்கள் முகம் தெரியாதபடி ஒரு மீட்டர் பின்னால் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறையும் வரிசை மாற்றி, இடைவெளியையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் அவன் கை தூக்கட்டும் அல்லது திருப்பிச் சொல்லட்டும். தினமும் கேட்கிற ஒலி ஒன்று இன்று கேட்கவில்லையென்றால் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) போங்கள்.

மெஷின் சரியாக இருந்தாலும் அரைகுறையாகக் கேட்பதைக் கோத்துப் புரிந்துகொள்வது நாள் முழுக்க மூளையைப் பிழியும் வேலை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்றால் 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். மிச்சத்தை ஊகிக்க வேண்டும். அதனால் வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் மெஷினைக் கழற்றிவிட்டு, கேள்வி கேட்காமல் அவனைச் சும்மா இருக்க விடுங்கள். கழற்றியதற்காகத் திட்டாதீர்கள்.

அடுத்தது வீட்டில் புழங்கும் மொழி. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். காது கேளாத பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கும் மேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, நேற்றுச் சண்டை போட்ட அம்மாவும் அப்பாவும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதையெல்லாம் மற்ற பிள்ளைகள் காதில் விழுந்தே தெரிந்துகொள்வார்கள். இவனுக்குத் தெரிவதெல்லாம் அம்மா போனை வைத்துவிட்டு அழுதது மட்டுமே. சாப்பிடும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள், 'என்ன?' என்கிறான், 'ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்' என்கிறோம். தினமும் பல தடவை இப்படி நடந்தால் எந்தப் பிள்ளையும் வெடிக்கும்.

அந்த 'அப்புறம்' வேண்டாம், அப்போதே இரண்டு வரியில் சொல்லுங்கள். வெளியே கிளம்புமுன் எங்கே போகிறோம், யார் வருவார்கள், எப்போது திரும்புவோம் என்று படம் வரைந்தோ சைகையிலோ காட்டுங்கள். சந்தோஷம், அழுகை, கோபம் என்ற மூன்றோடு நிறுத்தாமல் ஏமாற்றம், பொறாமை, வெட்கம், பயம், சலிப்பு எல்லாவற்றுக்கும் சொல்லோ சைகையோ கொடுங்கள். பெயர் தெரியாத உணர்ச்சிதான் கை வழியாக வெளியே வருகிறது. சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று பயப்பட வேண்டாம், அதற்கு ஆதாரம் இல்லை. அம்மா மட்டும் கற்றால் போதாது, அப்பாவும் தம்பியும் கற்க வேண்டும். தம்பியை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். அந்தப் பாரம் அவனையும் அழுத்தும்.

இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு: தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிச் சொல்வது, இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருப்பது, இருந்த சைகையும் பேச்சும் குறைவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு திடீரென்று மிரளுவது. கடைசியில் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். சொல்லத் தெரியாது என்ற தைரியத்தில் இந்தப் பிள்ளைகளைத் தேடித் துன்புறுத்துகிறவர்கள் உண்டு. உடல் உறுப்புகளின் பெயரும், 'தொட்டார்', 'வேண்டாம்', 'யார்' ஆகியவையும் அவன் சைகையில் இருந்தே ஆக வேண்டும்.

மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே, காது கேளாத பிள்ளைகளைப் பார்த்த பழக்கம் உண்டா, சைகை மொழிபெயர்ப்பாளர் வருவாரா என்று கேளுங்கள். நீங்களே மொழிபெயர்க்கக் கூடாது. உங்களைப் பற்றி அவன் சொல்ல நினைப்பதை உங்கள் வழியாக எப்படிச் சொல்வான்? மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குப் பக்கத்தில் அமர்ந்தால் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழ வேண்டும், முதுகுப்பக்கம் ஜன்னல் இருக்கக் கூடாது. வழக்கத்தைப் போல இருமடங்கு நேரம் கேளுங்கள், நடுவில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள்.

நோயைத் தவறாகக் கணிப்பதும் இங்கே அதிகம். கூப்பிட்டால் திரும்பாதது ஆட்டிசம் போலவும், கண்ணை நாலாபுறமும் சுழற்றுவது கவனக்குறைவு நோய் (ADHD) போலவும் படும். சைகையில் முகபாவம் இலக்கணத்தின் ஒரு பகுதி. தெரியாதவர் அதைக் கோபம் என்று எழுதிவிடுவார். பேச்சை வைத்து அளக்கும் அறிவுத்திறன் சோதனையை ஏற்காதீர்கள், சொல் தேவைப்படாத சோதனையைக் கேளுங்கள். அதற்காக எல்லாமே காதால் வந்தது என்று ஒதுக்குவதும் ஆபத்து. ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், மூளைக்காய்ச்சல், குறைமாதப் பிறப்பு ஆகியவை காதோடு மூளையையும் பாதிக்கக்கூடியவை. ஆட்டிசமோ கவனக்குறைவோ நிஜமாகவே கூட இருக்கலாம்.

சிகிச்சையில் பேச்சைவிடப் படம், பொம்மை, நடித்துக் காட்டுதல், கோபத்தை 1 முதல் 5 வரை நிறம் தீட்டிக் காட்டும் அளவுகோல் ஆகியவை வேலை செய்யும். உங்களுக்கும் தனியாக ஒரு நேரம் வாங்குங்கள். பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து அடக்கி வைத்த துக்கமும் குற்ற உணர்வும் அவனுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கின்றன, சொல் தெரியாவிட்டாலும் முகத்தை வாசிக்கிறான்.

இன்னொன்று, வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் காது கேளாத பெரியவர்களை அவன் பார்த்துப் பழக வழி செய்யுங்கள். அப்படி ஒருவரைக்கூடப் பார்க்காத பிள்ளைகளில் சிலர், பெரியவனானால் காது கேட்டுவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அவன் என்ன நினைத்திருக்கிறான் என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.