பழைய மார்ஷல் வாங்கினால் அந்த ராக் சத்தம் வந்துவிடுமா?

கேள்வி: கோவையில் அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். 10 வாட் ஆம்ப் ஒன்றும் மெட்டல் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றும் இருக்கின்றன. இரவில் பெடலை இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்பில் சொருகி ஹெட்போனில் வாசிப்பேன். பிளாக் சாபத், ஏசி/டிசி, மெட்டாலிகா மாதிரி சத்தம் வேண்டும். எவ்வளவு திருகினாலும் குளவிக் கூட்டம் மாதிரித்தான் கேட்கிறது. பெங்களூருவில் ஒருவர், ‘1959 மார்ஷல், ஒரிஜினல், மல்லார்ட் வால்வு போட்டது’ என்று ஒரு 100 வாட் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) 2.75 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். அட்வான்ஸும் கேட்கிறார். லோன் போட்டு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 1959. ஜிம் மார்ஷல் லண்டனில், ஹான்வெல் பகுதியில், டிரம்ஸ் விற்கும் கடை வைத்திருந்தவர். அவர் கடையிலிருந்து முதல் ஆம்ப் வெளிவந்ததே 1962-ல்தான். அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு செய்த ஜேடிஎம்45 அது. 100 வாட் ஹெட் வந்தது 1965-ல். ஆக 1959-ல் செய்த மார்ஷல் என்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை. 1959 என்பது அந்த 100 வாட் ஹெட்டின் மாடல் எண். 1960 என்று போட்டிருந்தால் அது நான்கு ஸ்பீக்கர் கேபினெட். 1987 என்றால் 50 வாட் ஹெட். அதுவும் அறுபதுகளிலேயே விற்பனைக்கு வந்தது. இதே 1959 மாடலைப் பிற்காலத்தில் மறுபதிப்பாகவும் செய்து விற்றிருக்கிறார்கள். உங்களிடம் பேசுகிறவர் மாடல் எண்ணை வருடமாக்கி விற்கிறார். தெரியாமல் சொல்கிறார் என்றால் அவரிடம் ஆம்ப் வாங்கக் கூடாது. தெரிந்தே சொல்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த விஷயத்தை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் கேட்ட மூன்று இசைக்குழுக்களில் மார்ஷலை அடையாளமாகச் சொல்லத்தக்கது ஏசி/டிசி மட்டும்தான். சாபத்தின் டோனி அயோமி ஆரம்ப ஆல்பங்களில் வாசித்தது லேனி ஆம்பில். கிட்டாருக்கும் அந்த ஆம்புக்கும் நடுவில் டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற, கீச்சுப் பகுதியைத் தூக்கிவிடும் சின்ன டிரெபிள் பூஸ்டர் பெட்டி. மெட்டாலிகாவின் 1986 ஆல்பத்துக்கு அடிப்படை, மெசா பூகி கம்பெனியின் மார்க் டூ சி பிளஸ் ஆம்ப். ஒரே பெட்டியில் மூன்றும் வரும் என்று வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பைக் காட்டி யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, அது அசல் 1968 மார்ஷலாகவே இருக்கட்டும். உங்கள் வீட்டில் அதை என்ன செய்வீர்கள்? அந்த மாடலில் மாஸ்டர் வால்யூம், அதாவது டிஸ்டார்ஷனைத் தொடாமல் கடைசிச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ், கிடையாது. பவர் வால்வுகளும் ஸ்பீக்கரும் திணறுகிற அளவுக்கு ஏற்றினால்தான் அந்தச் சத்தம் வரும். அந்தக் காலத்தில் அதோடு இணைத்த செலஸ்டியன் கிரீன்பேக் மாதிரி ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 98 டெசிபல். நீங்கள் வைத்திருக்கப் போவது 100 வாட். ‘அப்போ 50 வாட் வாங்கிக்கிறேன்’ என்பார்கள் சிலர். பாதி வாட் என்றால் குறைவது 3 டெசிபல்தான். கீழ்வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போடலாம், அதற்குத் தனிச் செலவு. மார்ஷல் 1975-ல் மாஸ்டர் வால்யூம் வைத்து 2203-ஐக் கொண்டுவந்தது, 1981-ல் அது ஜேசிஎம்800 என்ற பெயரில் எண்பதுகளின் மெட்டல் மேடைகளை நிறைத்தது. அதுவும் ஹாலில் வைத்து வாசிக்கிற சாமான் இல்லை.

இனி குளவிச் சத்தம். உங்கள் ஹெட்போன் வழியில் ஸ்பீக்கரே இல்லை, அதுதான் காரணம். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி எல்லாவற்றையும் வெளியே விடாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைப் பெரும்பாலும் வெட்டிவிடும். டிஸ்டார்ஷன் பெடல் உண்டாக்கும் அரத்தால் தேய்க்கிற சத்தமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பெடலை நேராக லேப்டாப்பில் சொருகினால் வெட்ட ஆளில்லை. லேப்டாப்பில் ஆம்ப் மாதிரி வேலை செய்யும் சிமுலேஷன் மென்பொருளும், அதற்குப் பிறகு ஸ்பீக்கர் செய்யும் வெட்டைச் செய்யும் கேபினெட் ஐஆர் எனப்படும் கோப்பும் போடுங்கள். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற சிமுலேஷன் இலவசம். ஐஆர் கோப்புகளும் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. இன்று இரவே செய்து பாருங்கள். லட்சக்கணக்கில் செலவழித்துத் தேட நினைத்ததில் பெரும்பகுதி அங்கேயே வந்துவிடும்.

மீதி உங்கள் விரலிலும், டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் அந்த கெயின் குமிழிலும் இருக்கிறது. ஏசி/டிசி பதிவுகளைக் கவனமாகக் கேளுங்கள். அதன் மால்கம் யங் கிரெட்ஷ் கிட்டாரில் கனமான கம்பி போட்டு, ஆம்பின் சத்தம் லேசாக மட்டும் கரகரக்கிற இடத்தில் நிறுத்தி வாசித்தவர். கார்டு அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். நம் ஆட்கள் அதே பாட்டுக்கு கெயினைக் கடைசிவரை திருகி, மிட் எனும் நடுப்பகுதிச் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், பேஸை ஏற்றி வைக்கிறார்கள். தனியாக வாசிக்கும்போது கம்பீரமாகத் தெரியும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் கிட்டார் காணாமல் போய்விடும். கெயினைப் பாதியில் வையுங்கள், மிட்டை ஏற்றுங்கள், பேஸைக் குறையுங்கள். இன்னொன்றும் உண்டு. மெட்டல் ஆல்பங்களில் நீங்கள் கேட்பது ஒரு கிட்டார் இல்லை. ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இரண்டு, மூன்று முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து இடதும் வலதுமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தக் கனம் ஒற்றை ஆம்பிலிருந்து வராது.

மெட்டலுக்குப் பெடல் வேண்டுமென்றால் டிஸ்டார்ஷன் பெடல் வேண்டாம், டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் போதும். ஏற்கெனவே டிஸ்டார்ட் ஆகிற ஆம்புக்கு முன்னால் அதை வைத்து, டிரைவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் லெவலை மேலேயும் வையுங்கள். அது பேஸைக் கொஞ்சம் வடிகட்டி ரிஃப்பை இறுக்கமாக்கும். இதிலும் ஒரு வியாபாரம் நடக்கிறது: ‘ஒரிஜினல் ஜேஆர்சி 4558 சிப் போட்டது’ என்று சொல்லி இரண்டு மடங்கு விலை. 4558 எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாதாரண ஐசி.

டிஸ்டார்ஷன் பெடலே வேண்டாம் என்றேன். ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் ஸ்டாக்ஹோம் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். போஸ் கம்பெனி 1983-ல் ஹெச்எம்-2 என்று ஒரு ஹெவி மெட்டல் பெடல் விட்டது. 1991-ல் நிறுத்தியும் விட்டது. ஆனால் ஸ்வீடனில் சில பையன்கள் அதை வாங்கி, இருந்த நான்கு குமிழ்களையும் முழுசாகத் திருகிவிட்டார்கள். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் டோமாஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்த என்டூம்ட் குழுவின் 1990 ஆல்பத்தில் மரம் அறுக்கிற மெஷின் மாதிரி ஓடுகிறதே, அது இந்தப் பெடல்தான். அங்கே ஆம்ப் இரண்டாம்பட்சம். ஹெச்எம்-2 வேலை செய்வதற்குக் காரணம் அதன் டோன் குமிழ்கள் மிட்டை வெட்டாமல், குறிப்பிட்ட மிட் பகுதிகளை முரட்டுத்தனமாகத் தூக்கிவிடுவது. உங்கள் பெடல் அப்படிப்பட்டது இல்லை என்றே நினைக்கிறேன். பெரும்பாலான ‘மெட்டல்’ பெடல்களை வாங்கியவர்கள் மிட்டைக் குடைந்துதான் வைத்திருப்பார்கள். பழைய ஹெச்எம்-2 யானை விலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது போஸே 2021-ல் அதைத் திரும்பச் செய்து வெளியிட்டது. ஆகவே அதிலும் ‘ஜப்பான் மேட்’ என்று பழையதற்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட மூன்று குழுக்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

மல்லார்ட் வால்வுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பிளாக்பர்னில் செய்த பழைய மல்லார்ட் வேறு, இன்றைக்கு மல்லார்ட் என்று அச்சடித்து ரஷ்யாவில் செய்து விற்பது வேறு. பெயரை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது, அவ்வளவுதான். புதியது கெட்ட வால்வு என்று நான் சொல்லவில்லை. புதியதைப் பழைய விலைக்குத் தலையில் கட்டுகிறார்கள் என்கிறேன். கண்ணாடியில் இருக்கிற எழுத்தை அழித்து வேறு எழுத்து போடவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

‘அமெரிக்காவிலிருந்து நானே இறக்கிக்கொள்கிறேன்’ என்ற யோசனை அடுத்து வரும். அமெரிக்க மாடல்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் 230-ல் சொருகினால் ஃபியூஸ் போகும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். ‘உள்ளே மாத்திக்கலாம் சார்’ என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் அந்த வயர் இருந்தால்தானே மாற்ற! வோல்ட்டேஜ் விஷயத்தில் ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் ஒரு வேலை செய்தார். வோல்ட்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வேரியாக் வைத்து மார்ஷலுக்கு வோல்ட்டேஜை ஏற்றுவதாக ஆரம்பப் பேட்டிகளில் சொன்னார். உண்மையில் 90 வோல்ட் அளவுக்கு இறக்கித்தான் வாசித்திருக்கிறார். பேச்சை நம்பி ஏற்றியவர்கள் ஆம்பைக் கொளுத்திக்கொண்டார்கள்.

சுங்க வரி இன்னொரு கதை. பொருளின் விலைக்கு மட்டும் வரி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கப்பல் கூலியையும் இன்சூரன்ஸையும் சேர்த்து மதிப்புப் போட்டு, அதற்கு வரி, வரிக்கும் மேலே ஜிஎஸ்டி. பிறகு கூரியர்காரர் ‘ஹேண்ட்லிங்’ என்று ஒரு தொகை சேர்ப்பார். ரிப்பேருக்கு வெளிநாடு அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்கும்போது காகிதம் சரியாக இல்லையென்றால் சொந்த ஆம்புக்கே மறுபடி வரி கட்டச் சொல்வார்கள். கிட்டார் வாசிக்கிற பையனை இந்த ஏற்பாடு கடத்தல்காரனாகவே பார்க்கிறது. உள்ளூரில் வால்வு ஆம்பைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். தெரியாதவர் கை வைப்பது ஆபத்து, சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எந்த ஆம்ப் வாங்கினாலும் ‘ஹம் அடிக்குது, எர்த் பின்னை வெட்டிடுங்க’ என்று சொல்லும் மெக்கானிக்கை வீட்டுக்குள் விடாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தால் கம்பியில் மின்சாரம் வரும். ஒரு கையில் கிட்டார், உதட்டில் மைக் என்றால் அது உடம்பு வழியாகத்தான் போகும். 1972-ல் வேல்ஸில் ஸ்வான்சீ மேடையில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டுத்தான் இறந்தார். ஹம் வந்தால் கேபிளைப் பாருங்கள், வீட்டு எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

சிமுலேஷன் பழகிய பிறகும் அறையில் ஆம்ப் வேண்டும் என்று தோன்றினால், 12 அங்குல ஸ்பீக்கரும் வாட் குறைக்கும் வசதியும் உள்ள மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் சத்தத்தைப் போலச் செய்வது) வாங்குங்கள். போஸ் கட்டானா வகை போதும். உங்கள் கிட்டாரைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். ‘டெமோ எல்லாம் யூடியூப்ல பாருங்க’ என்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

சாபத்துக்காக மட்டும் ஒன்று. அயோமி 1971 வாக்கில் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கி வாசிக்கத் தொடங்கினார். தொழிற்சாலை விபத்தில் வலது கையின், அதாவது அவர் கம்பியை அழுத்தும் கையின், இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் என்பதால் மெல்லிய கம்பியும் தளர்ந்த இழுவையும் அவருக்குத் தேவைப்பட்டன. நீங்கள் அதே மெல்லிய கம்பியைப் போட்டு இறக்கினால் தொளதொளவென்று சுருதி விலகும். 11-லிருந்து (மெல்லிய கம்பியே 0.011 அங்குலம்) தொடங்கும் செட் போடுங்கள். கனமான கம்பி நட்டின் (கிட்டார் கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் உட்காராவிட்டால் அளவான அரத்தால் பள்ளத்தை லேசாக அகலப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தக் கூடாது, ஆழம் கூடிவிட்டால் திறந்த கம்பி ஃபிரெட்டில் அடிக்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.