சிஈ முத்திரை விமானத்துக்குச் செல்லுமா? பண்டாரவளை வாசகருக்குப் பதில்

பண்டாரவளையில் சிறிய மின்னணுப் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிறிய விமானங்களுக்குள் பூட்டி, அவற்றின் 28 வோல்ற் நேரோட்ட மின்னை 12 வோல்ற்றாகக் குறைத்துக் கொடுக்கும் கருவியொன்றை அவரும் அவருடைய தம்பியும் உருவாக்கியுள்ளனர். அதை வாங்க முன்வந்துள்ள வெளிநாட்டு நிறுவனம், விமானக் கருவிகளைச் சோதிப்பதற்கான ‘டிஓ-160’ (DO-160) நியமத்தின் 20ஆம், 21ஆம் பிரிவுகளுக்கான சோதனை அறிக்கையைக் கேட்கிறது. கொழும்பிலுள்ள தரகர் ஒருவரோ, ஐரோப்பியச் சந்தைக்கான சிஈ (CE) சான்றிதழையும் ‘இராணுவத் தரச் சான்றிதழையும்’ சில நாட்களில் எடுத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

கொடுக்க வேண்டாம். அந்த இரண்டு தாள்களில் எதுவும் வாங்குபவர் கேட்ட அறிக்கை அல்ல.

உங்கள் கருவி மின்னோட்டத்தை ஒரு விநாடியில் இலட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டித்தான் வோல்ற்றளவைக் குறைக்கிறது. அந்த வெட்டுகளின் எதிரொலிகள் பல மடங்கு உயர்ந்த அலைவரிசைகள் வரை ஏறிச் செல்லும். விமானத்தில் 108 முதல் 118 மெகாஹேர்ட்ஸ் வரை வழிகாட்டும் வானொலிச் சமிக்ஞைகளும், அதற்கு மேல் 137 வரை விமானியின் பேச்சும் இயங்குகின்றன. தொலைவிலிருந்து மிக மெலிந்து வந்துசேரும் அந்தச் சமிக்ஞைகளை, ஒரு முழம் தள்ளியிருக்கும் உங்கள் கருவியின் இரைச்சல் எளிதாக மூடிவிடும். 21ஆம் பிரிவு உங்கள் கருவி எவ்வளவு இரைச்சலை வெளியே விடுகிறது என்று அளக்கிறது. 20ஆம் பிரிவு, வெளியிலிருந்து வரும் வலுவான வானலைகளின் நடுவே உங்கள் கருவி தடுமாறாமல் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. ஒன்றில் தேறியதால் மற்றதில் தேறியதாக ஆகாது.

சிஈ என்பது, ஐரோப்பியச் சந்தையின் விதிகளுக்குத் தம் பொருள் இணங்குகிறது என்று உற்பத்தியாளர் தாமே செய்யும் பிரகடனம். அதற்கு அடிப்படையான மின்காந்த இணக்கப் (கருவிகள் ஒன்றையொன்று இரைச்சலால் குழப்பாதிருத்தல்) பணிப்புரை 2014ஆம் ஆண்டினது. விமானத்தில் பொருத்துவதற்கென்றே செய்யப்படும் கருவிகளை அது தன் வரம்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. அளக்கும் முறையும் வேறு. வீட்டுச் சாதனங்களை வழக்கமாக 3 அல்லது 10 மீற்றர் தொலைவில் அன்டெனா வைத்து அளப்பார்கள். விமானக் கருவியை உலோகத் தளம் விரித்த மேசையில் வைத்து 1 மீற்றரில் அளப்பார்கள். ஆகவே உண்மையான சிஈ சோதனையில் தேறிய கருவிகூட இங்கே தோற்கலாம். தரகர் தருவதாகச் சொல்லும் தாளுக்குப் பின்னால் எந்தச் சோதனையும் நடந்திருக்காது என்பதே என் அச்சம்.

‘இராணுவத் தரம்’ என்ற சொல்லில் இன்னும் பெரிய பொறி இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ‘மில் ஸ்டான்டர்ட் 461’ ஒரு சோதனைத் தொகுதி. 1967இல் தொடங்கி, 2015இல் ‘ஜி’ பதிப்பாக வந்தது. அதில் எந்தச் சோதனை உங்கள் கருவிக்கு வேண்டும் என்பதை, அது கப்பலில் பொருத்தப்படுமா, விமானத்திலா, தரையிலா என்பதை வைத்து வாங்குபவர்தான் தீர்மானிக்கிறார். மொத்தமாக ஒரு ‘இராணுவத் தரச் சான்றிதழை’ வழங்கும் அலுவலகம் எதுவும் கிடையாது. இல்லாத ஒன்றை விற்பவரிடம் எப்படி முன்பணம் கொடுப்பது?

உண்மையான அறிக்கை கையில் வந்தாலும் அதில் வகை எழுத்தைப் பாருங்கள். ‘20ஆம் பிரிவில் தேறியது’ என்று மட்டும் இருந்தால் அது பயனற்றது. அந்தப் பிரிவின் கதிர்வீச்சுச் சோதனையில் ‘எஸ்’ வகைக்கு மீற்றருக்கு 1 வோல்ற், ‘டி’ (T) வகைக்கு 5, ‘டபிள்யூ’ வகைக்கு 100, ‘வை’ வகைக்கு 200 என்று, கருவியின் மேல் பாய்ச்சும் வானலையின் புலவலிமை மாறுகிறது. மிக இலகுவான வகையில் சோதித்துவிட்டு எழுத்தைச் சொல்லாமல் விடுவது இந்தத் தொழிலில் பழகிப்போன தந்திரம். எந்த வகை வேண்டும் என்று வாங்கும் நிறுவனத்திடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். அது தெரியாமல் ஆய்வுகூடத்துக்குப் போனால் காசும் காலமும் வீண்.

இந்தச் சோதனை தேவைப்படாத நிலை ஒன்றும் உண்டு. பலர் குழம்புவதால் அதை விரிவாகவே சொல்கிறேன். கருவி விமானத்தில் ஏறாமல், கொட்டகையில் நின்றபடி பற்றரிக்கு மின்னேற்றுவதற்கு மட்டும் பயன்படுமானால், பொதுவாக டிஓ-160 கேட்கப்படாது. தொழிற்சாலைச் சாதனங்களுக்கான சாதாரண நியமங்களே போதும். ஆனால் மின்னேற்றிக்கொண்டிருக்கும்போதே விமானத்தின் வானொலியையும் வழிகாட்டிக் கருவிகளையும் இயக்கிப் பரிசோதிப்பார்களானால், உங்கள் இரைச்சல் அதே வயர்வழியே உள்ளே போகும். அப்போது வாங்குபவர் கூடுதல் சோதனை கேட்பது நியாயம். அதே கருவியைப் பின்னர் யாராவது விமானத்துக்குள் நிரந்தரமாகப் பூட்டினால் இந்த விலக்கு அந்தக் கணமே முடிந்துவிடும். ஆகவே ‘தரையில் மட்டும்’ என்பதைக் கருவியின் பெயர்த்தகட்டிலும் கையேட்டிலும் ஒப்பந்தத்திலும் பொறியுங்கள். உங்கள் கருவியோ விமானத்துக்குள் பூட்டப்படுவது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே இந்த விலக்கு உங்களுக்கு உதவாது.

ஆய்வுகூடத்துக்குப் போகுமுன் மேசையிலேயே இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, கவசக் கேபிளின் பின்னல், அதாவது வயரைச் சுற்றியுள்ள உலோக இழைகள். அதைப் பிரித்து முறுக்கி, ஒரு விரல் நீள வாலாக்கி, இணைப்பியின் ஒரு முள்ளில் பற்றவைத்திருக்கிறீர்களா? அப்படியானால் உயர் அலைவரிசைகளில் அந்த வாலே அன்டெனா ஆகிவிடும். கவசம் இருந்தும் இல்லாத நிலைதான். பின்னல் இணைப்பியின் உலோக உடலைச் சுற்றிலும் முழு வட்டமாகப் பற்றியிருக்க வேண்டும். இரண்டாவது, பெட்டியின் மூடி. அழகுக்காகப் பூசிய வண்ணம் மூடியின் விளிம்பிலும் திருகாணியின் அடியிலும் படிந்திருந்தால் உலோகத்தோடு உலோகம் தொடாது. இரைச்சல் அந்த இடுக்கு வழியே கசியும். சுரண்டி, வெற்று உலோகத்தை வெளிக்கொண்டுவந்து, மின்னைக் கடத்தக்கூடிய, துருப்பிடிக்காத பூச்சுக் கொடுங்கள். மலைநாட்டு ஈரத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது.

பற்றரியில் இயங்கும் மத்திய அலை வானொலியைக் கருவியின் அருகே பிடித்தால் இரைச்சலின் போக்கு ஓரளவு காதிலேயே தெரியும். அயலில் தேயிலைத் தொழிற்சாலை இருந்தால், அங்குள்ள விசிறிகளின் வேகக் கட்டுப்படுத்திகளும் இரைச்சல் எழுப்பக்கூடும்; உங்கள் கருவியை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இது முன்னோட்டம் மாத்திரமே.

ஆய்வுகூடத்தோடு நேரடியாகப் பேசுங்கள். இடையில் ஆள் வேண்டாம். ஆய்வுகூடங்களின் தகுதிக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதாது. அங்கீகார எல்லைப் பட்டியலில் டிஓ-160இன் 20ஆம், 21ஆம் பிரிவுகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். இலங்கையில் அங்கீகாரம் வழங்கும் சபை 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. எந்த ஆய்வுகூடத்துக்கு எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் உண்டு என்பதை அதனிடம் உறுதிசெய்துகொள்ளலாம். உள்நாட்டில் பொருத்தமானது கிடைக்காவிட்டால், சென்னை தரமணியில் இந்திய அரசின் ‘சமீர்’ நிறுவனத்துக்கு மின்காந்த இணக்கச் சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே தமிழிலேயே விளக்கம் கேட்கலாம்.

கருவியை வெளிநாட்டுக்குச் சோதனைக்கு அனுப்பித் திரும்ப எடுத்துவருவது நம் அலுவலகங்களில் இன்னும் வேதனையான காரியம். ஒரு கையொப்பத்துக்காக மலையிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து கொழும்புக்குப் போனால், அந்த மேசையில் இருப்பவர் வேறொரு மேசையைக் காட்டுவார். சொந்த உழைப்பில் கருவி செய்யும் இளைஞர்களை இப்படி அலைக்கழிப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ஆகையால் கருவியின் தொடர் இலக்கத்தையும் படங்களையும் புறப்படுமுன்பே சுங்கத்தில் பதிவு செய்து, தற்காலிக ஏற்றுமதி என்று முத்திரையிட்ட படியைக் கையில் வைத்திருங்கள். இல்லையேல் திரும்பி வரும்போது உங்கள் கருவிக்கே இறக்குமதி வரி கேட்கக்கூடும். சோதனையில் ஒன்று பழுதானால் தொடர்வதற்காக, ஒரே மாதிரியான இரண்டு கருவிகளை, விமானத்தில் பூட்டப்போகும் அதே வயர்த் தொகுதியோடு அனுப்புங்கள்.