ஆச்சியிடம் கேளுங்கள்: கிட்டங்கிப் பையனும் ஹாஸ்டல் பையனும்

கேள்வி: ஆச்சி, என் மகன் சென்னையில் இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் பட்டாலையில் படுத்தே கிடந்தான், அவனுக்கென்று சுட்ட வெள்ளைப் பணியாரத்தைத் தொடக்கூட இல்லை. கிளம்புகிற அன்று "நான் போகலம்மா" என்று மட்டும் சொன்னான். மாமனாரோ, "எங்க அப்பச்சி 13 வயசுல ரங்கூனுக்குக் கப்பல் ஏறினாக, இவனுக்கு மெட்ராஸ் கசக்குதா?" என்கிறார். டாக்டரிடம் காட்டலாம் என்றால், கல்யாணத்துக்கு நிற்கும் மூத்தவளை நினைத்துப் பயமாக இருக்கிறது. இது சோம்பலா, நோயா?
(ஒரு தாய், புதுவயல்)

பதில்: முதலில் ரங்கூன் கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் நம்ம பக்கம் எந்த வீட்டில் பிள்ளை முகம் வாடினாலும் அந்தக் கப்பல் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. போனது உண்மைதான். ஆனால் போய் எங்கே தங்கினார்கள்? கிட்டங்கியில், அதாவது கடல் கடந்து போன நம்ம செட்டியார்கள் சேர்ந்து தங்கித் தொழில் நடத்திய கட்டடத்தில். நீளமான ஒரே கூடம், அதில் வரிசையாக ஒவ்வொரு விலாசத்துக்கும் (தொழில் நிறுவனத்துக்கும்) ஒரு பெட்டி, பகலில் அதன் முன்னால் கணக்கு, இரவில் அதே இடத்தில் பாய், சாப்பாடும் நம்ம ஊர்ச் சமையல். வேலை பழகும் பெட்டியடிப் பையனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கு மேலே மேலாள், சுற்றியிருப்பவர்களில் பலர் பங்காளி அல்லது பக்கத்து ஊர்க்காரர். பையன் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அன்றைக்கே நாலு பேருக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஆயா வீட்டு ஐயா, அதாவது அம்மாவின் அப்பா, பினாங்கு போனவர். போன புதிதில் இலை முன்னால் உட்கார்ந்து அழுததையும், சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதையும் 80 வயதில் எங்களிடம் சொன்னார். அதுவரை அவர் கதையில் கப்பல், கணக்கு, வட்டி எல்லாம் இருக்கும், இந்த அழுகை மட்டும் இருக்காது. உங்கள் மாமனாரின் அப்பச்சியும் அழாமலா இருந்திருப்பார்கள்?

உங்கள் மகன் இருக்கும் ஹாஸ்டலில் அவன் நாலு நாள் மெஸ் பக்கம் போகாவிட்டாலும் கேட்க ஆள் இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டால் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சரி, சோம்பலா நோயா? சோம்பேறிப் பையன் படிக்க மாட்டானே தவிர பணியாரத்தை விட மாட்டான். சாப்பாடு, தூக்கம், பிடித்த விஷயத்தில் இருந்த ஆசை எல்லாம் ஒன்றாகச் சுருங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால், மனச்சோர்வா என்று டாக்டர் பார்க்க வேண்டும். வேறு காரணமும் இருக்கலாம். ராகிங், அரியர், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு அங்கே ஆங்கிலத்தில் ஒன்றும் புரியாத அவமானம், வீட்டில் சொல்ல முடியாத ஒரு காதல், எதுவாகவும் இருக்கலாம். நாம் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட அவனிடமே கேட்பது நல்லது, ஆனால் கூடத்தில் உட்கார வைத்து எல்லோரும் சுற்றி நின்று விசாரிக்காதீர்கள். வண்டியில் காரைக்குடிக்குப் போகும்போதோ, கிணற்றடியில் வேலையாக இருக்கும்போதோ பேசிப் பாருங்கள். எதிரெதிரே உட்காராத இடத்தில் பையன்கள் வாய் திறப்பார்கள், பள்ளிக்கூடத்தில் 30 வருஷம் நான் பார்த்தது இது. அவன் சொல்ல ஆரம்பித்ததும் நாம் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடக் கூடாது. அதுதான் நமக்குக் கஷ்டம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி வராது, ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள், மருந்து மாத்திரை, பூச்சிமருந்தெல்லாம் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஊர் வாய்க்குப் பயந்தால் முதலில் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி அது, இலவசம், நாள் முழுக்க உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போக சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும்படி கேட்பது நோயாளியின் உரிமை. மகனுக்கு 18 ஆகிவிட்டிருந்தால் டாக்டர் உங்களிடமே எல்லாவற்றையும் சொல்ல மாட்டார், அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூத்தவள் கல்யாணம் தள்ளிப்போனால் பிறகு நடத்திக்கொள்ளலாம். கல்லூரி வருகைப் பதிவுக்கு மருத்துவச் சான்றிதழோடு துறைத்தலைவரைப் பாருங்கள், ஒரு செமஸ்டர் போனாலும் போகட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மார்க் குறைந்த பிள்ளைகளைப் பிரித்துத் தனி செக்‌ஷன் போடச் சொல்கிறார்கள். எதிர்த்தால் "ரிசல்ட் வேண்டாமா?" என்கிறார்கள்.
(ஆசிரியர், தேவகோட்டை)

பதில்: எதிர்த்துக்கொண்டே இருங்கள். மதிப்பெண்ணை வைத்து வகுப்பைப் பிரிப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பதும், 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்பதும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களில் இருக்கின்றன. அதை அச்செடுத்துத் தலைமையாசிரியர் மேஜையில் வையுங்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நம் அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, ஃபிளக்ஸ் அடிக்கிற நிர்வாகங்களுக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை. இன்னொரு விஷயம், ரிசல்ட் வருகிற அன்று பாஸானவர்களை நிறையப் பேர் கூப்பிட்டு வாழ்த்துவார்கள். நீங்கள் ஃபெயிலான பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள், துணைத்தேர்வு உடனே வருகிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் கவுன்சலர் அறை பிரின்சிபால் அறைக்கு எதிரே. உள்ளே போனாலே ஊரெல்லாம் தெரிந்துவிடுமே?
(மாணவி, காரைக்குடி)

பதில்: அறையை அங்கே வைத்தவர் அதற்குள் ஒரு நாளும் போக வேண்டியிருக்காதவர். நாலைந்து பேர் சேர்ந்து, நூலகத்துப் பக்கம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கவுன்சலரிடம் முதல் நாளே கேளுங்கள்: "நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள், எப்போது சொல்வீர்கள்?" உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் என்று பதில் வந்தால் நம்பிப் பேசலாம். பதில் மழுப்பலாக இருந்தால் 14416 இருக்கவே இருக்கிறது.

கேள்வி: பேத்தி சரியாகத் தூங்குவதில்லை. குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டால் போதாதா?
(ஒரு ஆயா, பள்ளத்தூர்)

பதில்: தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். மலை ஏறி இறங்கும்வரை அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போங்கள், அப்புறம் திரும்பி வரும் வழியில் காரைக்குடியில் டாக்டரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.