இலாபம் வருகிறது என்கிறார் கணக்குப் பார்ப்பவர், கையில் காசைக் காணவில்லை. ஏன்?

கேள்வி கேட்டவர் சுன்னாகத்தில் சிறிய அளவில் கறித்தூள் அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். வங்கியில் கடன் கேட்டதால் ஒருவரைப் பிடித்துக் கணக்கு எழுதுவித்திருக்கிறார். கணக்கில் இலாபம் இருக்கிறது, கையில் காசில்லை. மூலதனம், வருமதி, பெறுமானத் தேய்வு, எடுப்பனவு என்று அதில் உள்ள சொற்களும் விளங்கவில்லை என்கிறார்.

யாழ்ப்பாணத்தில் சிறிய கடைகளுக்கும் வீட்டுத் தொழில்களுக்கும் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. இந்தச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒன்றும் விளங்காது. ஒரு தொழிலின் ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தால் எல்லாம் தானாக வந்து சேரும். உங்களைப் போலவே ஒரு கறித்தூள் தொழில் என்று வைப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை.

தொடங்கும்போது உங்கள் கைக்காசு 300,000 ரூபா. கனடாவிலுள்ள அண்ணா 200,000 அனுப்புகிறார். உங்கள் கைக்காசு மூலதனம். அண்ணாவின் காசு எது? திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அது பொறுப்பு, அதாவது தொழில் பட்ட கடன். "வைச்சுக்கொள், தர வேண்டாம்" என்று சொன்னால் அதுவும் மூலதனம். நம்மூரில் வெளிநாட்டுக் காசில் தொடங்கும் தொழில்களில் இந்த ஒரு விஷயத்தை யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. நாலு வருடம் கழித்து அண்ணா தங்கை மனத்தாங்கலாக அது வெளியில் வரும். தயவுசெய்து முதல் நாளே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இங்கே கடன் என்றே வைப்போம்.

அந்த 500,000இல் அரைக்கும் மெஷின் 240,000, செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் 200,000, மிச்சக் காசு 60,000. இவை மூன்றும் சொத்து. கூட்டினால் 500,000. மறுபக்கம் மூலதனம் 300,000, பொறுப்பு 200,000, அதுவும் 500,000. தொழிலிடம் என்ன இருக்கிறது, அது யார் காசில் வந்தது என்று இரண்டு பக்கமாக எழுதுவதுதான் ஐந்தொகை. இரண்டு பக்கமும் எப்போதும் சமனாக இருக்கும்.

சரி, முதல் மாதம். 150,000 ரூபா சாமானை அரைத்துப் பைக்கற் போட்டு 240,000க்கு விற்கிறீர்கள். விற்பனையிலிருந்து சாமானின் விலையைக் கழித்தால் 90,000. அது மொத்த இலாபம். பலர் இதைத்தான் இலாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாடகை 15,000, மின்சாரம் 8,000, பைக்கற்றும் லேபலும் 12,000, உதவிக்கு வரும் அக்காவின் சம்பளம் 25,000 என்று இன்னும் 60,000 போக வேண்டும். அப்புறம் மெஷின். அது ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 48,000, மாதத்துக்கு 4,000 ரூபா அளவுக்குத் தேய்கிறது. அந்தக் காசு இந்த மாதம் யாருக்கும் போகவில்லை, ஆனாலும் அது செலவு. அதன் பெயர்தான் பெறுமானத் தேய்வு. எல்லாம் கழித்தால் 26,000. இது தேறிய இலாபம்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். 240,000க்கு விற்றீர்கள், ஆனால் கைக்கு வந்தது 100,000தான். மிச்சம் 140,000 கடைகளில் கடனாக நிற்கிறது. அது வருமதி. சாமானைக் கொடுத்த அன்றே கணக்கில் விற்பனை என்று ஏறிவிடும். காசோ, "அடுத்த கிழமை வாங்கோ" என்ற சொல்லோடு கடையில் நிற்கும். பிந்திய திகதி போட்ட காசோலை வாங்கி வைத்திருந்தாலும் அப்படித்தான். வங்கியில் அது மாறும்வரைக்கும் உங்களிடம் காசில்லை, வருமதிதான் இருக்கிறது. அந்தக் காசோலையை நம்பி நீங்கள் இன்னொருவருக்குக் காசோலை எழுதி, உங்களுக்கு வந்தது திரும்பினால், உங்களுடையதும் திரும்பும்.

கையில் இருந்த 60,000, வந்த 100,000. செலவுகளுக்கு 60,000 போனதும் மிச்சம் 100,000. புதிதாகச் சாமான் 65,000க்கு எடுக்கிறீர்கள். வீட்டுக்கு 30,000 எடுக்கிறீர்கள். இப்போது கையில் 5,000. இலாபம் 26,000, ஆனால் கைக்காசு 60,000இலிருந்து 5,000க்கு இறங்கிவிட்டது. இரண்டு கணக்கும் சரி. கணக்கு எழுதியவர் பொய் சொல்லவில்லை, உங்கள் காசை யாரும் எடுக்கவும் இல்லை. அது கடைக்காரரிடம் வருமதியாக நிற்கிறது. இப்படிக் கடைகளில் காசு முடங்கிக் கிடக்கும் நாட்களிலும் சாமான் வாங்கித் தொழிலை ஓட்டத் தேவையான பணம்தான் தொழிற்படு மூலதனம். வங்கிக்காரர் கேட்பதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வீட்டுக்கு எடுத்த அந்த 30,000தான் எடுப்பனவு. அது செலவில் வராது, உங்கள் மூலதனத்திலிருந்து கழியும். இலாபம் 26,000, எடுத்தது 30,000 என்றால் உங்கள் 300,000 இப்போது 296,000. நான் பார்க்கும் கணக்குகளில் தொழில்கள் நொந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லாச்சியிலிருந்து மீனுக்கு ஐந்நூறு, மகளின் ரியூசனுக்கு இரண்டாயிரம், கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சம் என்று எழுதாமல் எடுப்பார்கள். எடுப்பதில் பிழையே இல்லை, வீட்டுக்காகத்தானே தொழில். எழுதாமல் எடுப்பதுதான் பிழை. உங்களுக்கென்று ஒரு மாதத் தொகையை முடிவு செய்து, அதை ஒரே தடவையில் எடுங்கள்.

விலைக் கழிவு கேட்கும் கடைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பத்து சதவீதம் குறைத்தால் எல்லாத்தையும் எடுக்கிறேன்" என்பார். 90,000 மொத்த இலாபம் இருக்கிறதே, பத்துத்தானே என்று தோன்றும். ஆனால் பத்து சதவீதம் கழிவது விற்பனை 240,000இல். 24,000 குறையும். வாடகையும் சம்பளமும் குறையப் போவதில்லை. 26,000 ஆக இருந்த தேறிய இலாபம் 2,000 ஆகிவிடும். ஆகவே கழிவு கொடுப்பதற்கு முன் தேறிய இலாபத்தைப் பாருங்கள்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. செத்தல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. பழைய விலைக்கு வாங்கிய மிளகாயை அரைத்துப் புதிய விலைக்கு விற்றவர்களின் கணக்கில் இலாபம் அள்ளிக் கொட்டியது. அந்த இலாபத்தைச் செலவழித்துவிட்டு மறுபடி மிளகாய் வாங்கப் போனால், அதே காசுக்குப் பாதி மூட்டைகூட வரவில்லை. விலை ஏறும் காலத்தில், அதே அளவு சாமானைத் திரும்ப வாங்க எவ்வளவு வேண்டும் என்பதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதையே இலாபமாக எண்ணுங்கள்.

கடன் எடுக்கப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். தவணைப் பணத்தில் முதலும் வட்டியும் கலந்திருக்கும். வட்டி மட்டும்தான் செலவு. முதலைக் கட்டுவது இலாபத்தைக் குறைக்காது, ஆனால் கைக்காசைக் குறைக்கும். இலாபம் இருந்தும் காசில்லாமல் போக அதுவும் ஒரு வழி. வட்டி வீதத்தைக் கேட்கும்போது, அது தொடக்கத் தொகைக்கா, குறைந்துவரும் மிச்சத்துக்கா என்று கேளுங்கள். 240,000 ரூபாவை மூன்று வருடத்துக்கு எடுத்து, முழுத் தொகைக்கும் வருடம் 12 சதவீதம் போட்டால் வட்டி 86,400. மாதத் தவணை 9,067 ரூபா அளவில் வரும். மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு போவதைக் கணக்கில் எடுத்தால் நீங்கள் உண்மையில் கட்டுவது 21 சதவீத வட்டி.

இப்போது உங்கள் கணக்கை மறுபடி எடுத்து, முதலில் வருமதித் தொகையைப் பாருங்கள். எந்தக் கடை, எவ்வளவு, எத்தனை நாள் என்று பிரித்து எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் கடைக்குப் புதுச் சாமான் போடுவதற்கு முன், பழையதில் பாதியையாவது கேட்டு வாங்குங்கள்.