வெங்காயத்துல மிச்சம் புடிச்சு ஹீட்டர்ல உட்டுடாதீங்க தம்பி

கோபியில இருந்து ஜெர்மனியில இருக்கற கெம்னிட்ஸுக்கு எம்.எஸ். படிக்க வர்ற தம்பி ஒருத்தர் நாலு கேள்வி கேட்டிருக்காரு. விசாவுக்காக முன்கூட்டியே காசைப் போட்டு வெக்கற பிளாக்டு அக்கவுண்ட்டுல இருந்து மாசாமாசம் வர்ற 992 யூரோவுல சிக்கனமா இருந்தா ஏதாச்சும் மிச்சம் புடிக்க முடியுமா, ஊர்ல இருந்து என்ன சாமான் கட்டிட்டு வரோணும், குளிரு தாங்குமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமாங்கறாரு.

குளிரு குளிராத்தான் இருக்கும் தம்பி. வேலையப் பத்தி அந்த ஊர்ல படிக்கிற பசங்களையே கேளுங்க, நான் இருக்கறது ஸ்டுட்கார்ட் பக்கம். மிச்சம் புடிக்கறதப் பத்தித்தான் எனக்குச் சொல்ல நெறைய இருக்குது.

புதுசா வர்றவங்க அத்தனை பேரும் வெங்காயம் என்ன வெலை, அரிசி என்ன வெலைன்னுதான் கேக்கறீங்க. கேட்டுட்டு அதை 100-ல பெருக்கி நெஞ்சுல கை வெச்சுக்கறீங்க. ஊட்டுலயே சமைச்சுத் திங்கற ஆளுக்கு இங்க சோத்துச் செலவு பெரிய செலவே இல்ல. காசு போறது ஊட்டு வழியா.

நாங்க வந்து எறங்குனது ஒரு ஜனவரி மாசம். கைக்கொழந்தையோட, பழைய கட்டடத்துல மேல்மாடி. ஊட்டு ஓனரு வாடகை கம்மியாத் தெரியோணும்னு நேபன்கோஸ்டன் தொகையை வேணும்னே கொறைச்சுப் போட்டிருந்தாரு. நேபன்கோஸ்டன்னா ஹீட்டர், தண்ணி, குப்பை எல்லாத்துக்கும் வாடகையோட சேத்து மாசாமாசம் கட்டற முன்பணம். வருசக் கடைசியில உண்மையான செலவைக் கணக்குப் பார்த்து, பத்தலைன்னா மொத்தமா நம்மகிட்ட கேப்பாங்க. எங்களுக்கு வந்த சீட்டைப் பார்த்து எங்கூட்டுக்காரரு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. அந்த வருசம் பெருந்துறைக்குப் போறதுக்குச் சேத்து வெச்ச டிக்கெட் காசு அதுல போச்சு. எந்தம்பி கல்யாணத்தை நான் போட்டோவுலதான் பார்த்தேன்.

அதனால ஊடு பாக்கப் போனா வாடகையை மட்டும் பாக்காதீங்க. போன வருசம் இந்த ஊட்டுக்கு ஹீட்டர் செலவு எவ்வளவு வந்துச்சுன்னு வாய் தொறந்து கேளுங்க. கூச்சப்பட்டா நட்டம் உங்களுக்குத்தான். கணக்கு வருசம் முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள அந்தக் கணக்கைக் குடுக்கோணும்னு சட்டம் இருக்குது. ஓனரு தாமசம் பண்ணி அதுக்கு மேல கொண்டாந்து நீட்டுனா பாக்கி கேக்க முடியாது. அட்வான்ஸும் அப்படித்தான். நேபன்கோஸ்டன் சேராத வாடகையில மூணு மாசத்துக்கு மேல கேக்கக் கூடாது, அதையும் மூணு தவணையாக் கட்டலாம். சாவி வாங்கறன்னைக்கே செவுரு, தரை, பாத்ரூம் மூலை எல்லாத்தையும் போட்டோ புடிச்சு, இருக்கற கொறையைப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும்.

இல்லைன்னா காலி பண்ணும்போது பூஞ்சைன்னு சொல்லி அட்வான்ஸைப் புடிச்சுக்குவாங்க. நம்ம பசங்க இதுல மாட்டறதுக்குக் காரணமே தப்பான சிக்கனந்தான். ஹீட்டரையே போடாம ரெண்டு சொட்டரு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதே ரூம்புல குக்கர் விசிலு, இட்லி ஆவி, ஈரத்துணி. அத்தனை ஈரமும் சில்லுன்னு கெடக்கற செவுத்துலதான் போய் ஒக்காரும். ஒரு மாசத்துல மூலையெல்லாம் கருப்பு.

ஹீட்டர் திருகை 3-ல வெச்சா ரூம்பு 20 டிகிரி கிட்ட நிக்கும். 5-ல வெச்சா சீக்கிரம் சூடாகும்னு நெனைக்கறது சும்மா. ரூம்பு போய் நிக்கற சூடுதான் ஒசரும், காசும் கூடவே ஒசரும். ஒரு டிகிரி கொறைச்சா ஹீட்டர் செலவுல 6 சதவீதம் வாக்குல கொறையும்பாங்க. ஜன்னலை நாளெல்லாம் சாய்ச்சு வெக்காதீங்க. காத்தால, சமைச்சு முடிச்சதும், ராத்திரி, திருகை அணைச்சுட்டு அஞ்சு நிமிசம் அகலமாத் தொறந்து உட்டு மூடிருங்க. கீழ்வீட்டு ஜெர்மன் பாட்டியம்மா என்னைப் பார்த்து, "இந்த ஊட்டுல ஒழுங்கா ஜன்னல் தொறக்கறது நீ ஒருத்திதான்"னு சொல்லிருக்காங்க. அந்தப் பேரு வாங்கறது லேசில்லீங்க.

டிவியே இல்லைன்னாலும் ரேடியோ டிவிக் கட்டணம் மாசம் 18.36 யூரோ கட்டியாகோணும். ஆனா அது ஆளுக்கில்ல, ஊட்டுக்கு. நாலு பேரு சேந்து இருந்தா ஒருத்தரு பேருல கட்டிப் பிரிச்சுக்குங்க. அதைக் கேட்டு வர்ற கடுதாசியைக் கிழிச்சுப் போட்டா பழைய பாக்கியும் சேந்து வரும். போன் கனெக்‌ஷன் 24 மாச ஒப்பந்தத்துல போடாதீங்க, பிரீபெய்டு போதும்.

அப்பறம் தண்ணி. சிறுவாணி குடிச்சு வளந்த நாக்குன்னு பீத்திக்கிட்டு வாராவாரம் பாட்டில் கட்டு தூக்கிட்டு நாலு மாடி ஏறுற கோயமுத்தூரு ஆளுகளை எனக்குத் தெரியும். குழாய்த்தண்ணி தாராளமாக் குடிக்கலாம். அப்படியே பாட்டில் வாங்கினாலும் தூக்கிப் போட்டுராதீங்க, ஒரு தடவை மட்டும் பாவிக்கற பிளாஸ்டிக் பாட்டில்னா ஒவ்வொண்ணுக்கும் 25 சென்ட் ஃபாண்ட் காசு, அதாவது வாங்கும்போது கட்டுன டெபாசிட், கடை மெசின்ல திரும்பி வரும். இன்னொரு கூட்டம் இருக்குது, தெருவுல குப்பைக்கு வெச்ச மெத்தையை எடுத்தாந்து புதுசா வந்த பையனுக்கே வித்துட்டு, தமிழனுக்குத் தமிழன் உதவின்னு பேசும். அவங்ககிட்ட சூதானமா இருங்க.

சோத்துக்கு வழி சொல்றேன். இந்தியக் கடையில தொவரம்பருப்பு வாங்காதீங்க, மைசூர் பருப்பு எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் ரோட்டே லின்ஸன்னு கெடக்கும், வெலையும் கம்மி. அதுலயே அரிசிம்பருப்பு செய்யலாம். கொழைஞ்சுதான் போகும், தண்ணி கொஞ்சம் கொறைச்சு வையுங்க. ஞாயித்துக்கெழமை கடையெல்லாம் அடைப்புங்கறதால சனிக்கெழமை சாயந்தரம் போங்க, காயும் ரொட்டியும் வெலை கொறைச்சு ஒட்டிருப்பாங்க. எங்க அம்மிச்சி இதையேதான் சந்தையில பண்ணுச்சு. லைட்டுப் போட்டு, சாக்கை மடிக்கற நேரம் பார்த்துப் போகும். கடைசிக் கூறு தக்காளியை மடியில கொட்டி உட்டுப் போவாங்க. அதுல புழு இருந்தா அறுத்துப் போட்டு மிச்சத்தைக் கொழம்பு வெக்கும். அம்மிச்சி கொழம்புல நான் புழுவைப் பார்த்ததே இல்ல, ஆனா இருந்திருக்கும்.

சாமானுக்கு வருவோம். மூணு லிட்டர் குக்கர், அடி இண்டக்‌ஷனுக்கு ஆகறதா, ரெண்டு கேஸ்கெட்டோட. ஒரு பவானி ஜமுக்காளம். மஞ்சத்தூள், மொளகாத்தூள், சாம்பார்பொடி. பச்சைக் கறிவேப்பிலை கொண்டாராதீங்க. ஊத்துக்குளி நெய்யும் வேண்டாம், அம்மா அழுதாலும் வேண்டாம். பால் சாமான், கறி சாமான் எதுவும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டாரக் கூடாது, ஏர்போர்ட்ல புடிச்சுக் கொட்டிருவாங்க. இங்க 250 கிராம் வெண்ணெய்க் கட்டி தள்ளுபடியில வரும், உப்புப் போடாததாப் பார்த்து நாலஞ்சு வாங்கிக் காய்ச்சிக்குங்க. எங்கூட்டுல அப்படித்தான். ஊத்துக்குளி வாசம் இதுல எங்க வருதுன்னு எங்கூட்டுக்காரரு இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு, ஆனா அடியில நிக்கற கசண்டு வரைக்கும் சோத்தைப் போட்டு வழிச்சுத் திங்கறதுல ஒரு கொறச்சலும் இல்ல.